யாருடைய யானை

எங்கள் வீட்டில் ஒரு யானையால் சண்டை வந்தது. வண்டலூர் மிருகக்காட்சிசாலையில் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கிற யானை இல்லை. செஸ் பலகையின் மூலையில் கட்டைவிரல் உயரத்துக்கு நிற்குமே, அந்த யானை. அதற்காக இரண்டு பெரிய மனிதர்கள், இருவரும் பென்ஷன் வாங்குகிறவர்கள், பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

ஒருவர் என் கணவர் வைத்தீஸ்வரன். இன்னொருவர் சாலமோன் அண்ணா. இருவரும் ஒரே அலுவலகத்தில் ஒரே பிரிவில் உட்கார்ந்து, ஒரே மாதத்தில் ஓய்வு பெற்றவர்கள். செம்பாக்கத்தில் எங்களுக்கு எதிர்வீட்டில்தான் சாலமோன் அண்ணா குடும்பம் இருந்தது. பிறகு கூடுவாஞ்சேரியில் ஒரு லேஅவுட்டில் மனை வாங்கி, வீடு கட்டிப் போய்விட்டார்கள். போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை செஸ் மட்டும் நிற்கவில்லை. காலையில் சர்ச், மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பாடு, அதற்குப் பின் ஆட்டம். இதுதான் அவருடைய ஞாயிறு.

ஆட்டம் எப்போதும் பாதியில் நிற்கும். காரணம் என் வீட்டுக்காரர். ஒரு சிப்பாயை நகர்த்துவதற்கு மற்றவர்கள் வீடு மாறிக் குடிபோகிற அளவுக்கு யோசிப்பார். சாயங்காலம் ஆனதும் சாலமோன் அண்ணா செருப்பை மாட்டிக்கொள்வார், மீதி ஆட்டம் போனில் நடக்கும். ஆளுக்கு ஒரு நகர்த்தலாக வாரம் முழுக்க ஓடும்.

அதற்கு இவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். எங்கள் கூடத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர் உண்டு. என் மகள் மாளவிகா அதில் செஸ் மென்பொருள் ஒன்று போட்டுக் கொடுத்துவிட்டு ஹைதராபாத்துக்கு வேலைக்குப் போனாள். பலகையில் காய்கள் எப்படி நிற்கின்றனவோ அப்படியே திரையில் அடுக்கினால், அந்தக் கம்ப்யூட்டர் மொத்தப் பலகையையும் ஒரே ஒரு வரியாகச் சுருக்கிக் கொடுத்துவிடும். ஒவ்வொரு காய்க்கும் ஓர் ஆங்கில எழுத்து, காலிக் கட்டங்களுக்கு எண், ஒரு வரிசை முடிந்தால் ஒரு சாய்கோடு. வெள்ளைக் காய்களுக்குப் பெரிய எழுத்து, கறுப்புக் காய்களுக்குச் சின்ன எழுத்து. அந்த வரியை சாலமோன் அண்ணா தன் லேப்டாப்பில் ஒட்டினால் அங்கே பலகை அப்படியே எழுந்து நிற்கும்.

அந்த நீள வரியைப் பார்த்துவிட்டு அதற்கு “வண்டி” என்று பெயர் வைத்தவர் சாலமோன் அண்ணாதான். எட்டுப் பெட்டி, நடுவில் சாய்கோடு கொக்கி. “வண்டி வந்துச்சா?” என்று இவர் கேட்பார். “வந்துச்சு, பிளாட்பாரத்துல நிக்குது” என்று அவர் சொல்வார். தாம்பரத்தில் ரயிலேறி இறங்கியே வயதைக் கரைத்தவர்களுக்கு உலகமே ரயிலாகத்தான் தெரியும்.

ஒரே ஒரு தொல்லை. கம்ப்யூட்டரை இன்டர்நெட்டில் இணைக்க இவர் சம்மதிக்க மாட்டார். இணைத்தால் வைரஸ் வந்து பென்ஷனை எடுத்துக்கொண்டு போய்விடும் என்று ஒரு பயம். அதனால் திரையில் இருக்கும் வரியைப் பார்த்துப் பார்த்து, ஒற்றை விரலால் போனில் அடித்து வாட்ஸப்பில் அனுப்புவார். கூட ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாது, சேர்த்தால் சாலமோன் அண்ணாவின் லேப்டாப் வரியை ஏற்காது. அதனால் வரி மட்டும் தனியாகப் போகும். அனுப்புவதற்கு முன் பலமுறை சரிபார்ப்பார். அலுவலகத்தில் முப்பது வருஷம் அடுத்தவர்கள் எழுதிய ஆங்கிலக் கடித வரைவைத் திருத்தியே சம்பளம் வாங்கியவர். கமா விட்டுப்போனால்கூட இவருக்குத் தூக்கம் வராது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஞாயிறு சாலமோன் அண்ணாவுக்கு ஆட்டத்தில் மனசே இல்லை. அடுத்த சனிக்கிழமை அவருடைய மகள் ஜெரூஷாவுக்கு நிச்சயதார்த்தம். கூடுவாஞ்சேரி சர்ச் ஹாலில் ஏற்பாடு. அவர் மனைவி யூனிஸ் நிமிஷத்துக்கு ஒருமுறை போன் செய்து பூக்காரரைப் பற்றியும் பிரியாணிக்காரரைப் பற்றியும் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கவனச் சிதறலில் அண்ணா ஒரு யானையை விட்டுவிட்டார். வெள்ளை அவர், கறுப்பு இவர். என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். கடைசியாக சாலமோன் அண்ணாவை எப்போது ஜெயித்தார் என்று இவருக்கே நினைவில்லாத நிலையில், கையில் ஒரு முழு யானை அதிகம். நெற்றியில் வியர்வை. டீயைக் கொடுத்தால் அதைக் குடிக்காமல் பலகையின் மேல் வைக்கப் போனார்.

நிச்சயதார்த்தத்தில் வரவேற்புரை இவர்தான் சொல்ல வேண்டும் என்று அண்ணா போகும்போது மறுபடி நினைவுபடுத்தினார். அது ஜெரூஷாவின் ஆசை. யூனிஸ் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள், ஷிப்ட் மாறி மாறி வரும். அந்தப் பெண் பள்ளிவிட்டால் நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வரும். தயிர்சாதம் பிசைந்து ஊட்டியதும் நான்தான், கையைப் பிடித்து ஏபிசிடி எழுத வைத்ததும் நான்தான். சேலையூரில் ஒரு பள்ளியில் இரண்டாம் வகுப்புக்கு டீச்சர் நான், இன்னும் ஓய்வு பெறவில்லை. மாளவிகாவுக்கு வாங்கும்போதெல்லாம் ஜெரூஷாவுக்கும் ஒரு ரிப்பன் சேர்த்து வாங்கிய பழக்கம். நிச்சயதார்த்தத்துக்காக ஒரு பச்சைப் பட்டுப் புடவை எடுத்து, பிளவுஸ்கூடத் தைத்து வாங்கிவிட்டேன்.

அண்ணா கிளம்பிய பிறகு இவர் வெகுநேரம் யோசித்துத் தன் நகர்த்தலைச் செய்தார். திரையில் அடுக்கினார். வண்டியை அனுப்பினார். அன்றைக்குக் கூடுதல் உற்சாகம், ஏனென்றால் போன் புதுசு. பழைய போனை மாளவிகா நேரில் வந்து எல்லாம் சரிப்படுத்திக் கொடுத்திருந்தாள். இது அவள் ஆர்டர் போட்டு கூரியரில் நேராக வந்தது. இவரே பெட்டியைப் பிரித்து, இவரே எல்லாவற்றுக்கும் சம்மதம் சொல்லி அழுத்தியது.

மறுநாள் காலை பதில் வந்தது. யானையால் ராணி காலி, பாவம் வைத்தி, என்று எழுதி கண்ணடிக்கும் பொம்மை ஒன்றும் போட்டிருந்தார் அண்ணா. இவர் பலகையைப் பார்த்தார், போனைப் பார்த்தார். பிறகு போன் போட்டார். இவர் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார், நான் சப்பாத்தி தேய்த்துக்கொண்டே கேட்டேன்.

“எந்த யானைப்பா?”

“மூலையில நிக்குதே, அது.”

“அது என் யானை.”

“உன் யானையா? வெள்ளையா நிக்குது வைத்தி. நீ அனுப்பின வண்டியிலதான் வந்துச்சு.”

“அது ஆட்டம் ஆரம்பிச்சதிலேர்ந்து அந்த மூலையிலேயே நிக்கற கறுப்பு யானை. ஒரு அடி நகரல.”

“என்ன பேசற? நான்தானே அதைக் கீழேருந்து ஓட்டிட்டு வந்தேன். ஓரமா, நேரா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. செம்பாக்கத்துக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவில்தான் வண்டலூர், யானையை அங்கேயே இறக்கிவிட்டுப் போங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். இவர் முகத்தைப் பார்த்ததும் சப்பாத்திக்கே திரும்பிவிட்டேன்.

அண்ணா, அனுப்பிய வரியை ஒருமுறை சரிபார்க்கச் சொன்னார். இவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, போனில் இருந்த வரியைத் தலையிலிருந்து கால்வரை படித்தார். ஒரு பிழையும் இல்லை என்று அறிவித்தார். மறுபடி படித்தார். மறுபடியும் இல்லை. அப்படியென்றால் தவறு யாருடையது? அங்கேதான் பேச்சு தடம் புரண்டது. ஒரு நகர்த்தலில் ராணியைப் பறிகொடுத்ததும் யானையையே மாற்றிச் சொல்கிறாய் என்று அண்ணா விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார். இவர் விளையாடவில்லை.

“தோக்கப் போறோம்னு தெரிஞ்சா சிலருக்கு இப்படித்தான் புத்தி போகும்” என்றார்.

போனில் பின்னால் யூனிஸ் யாரிடமோ நாற்காலிக் கணக்கு கேட்டுக்கொண்டிருந்தது மட்டும் கேட்டது.

“சரி வைத்தி” என்றார் அண்ணா. “சனிக்கிழமை பேசறதுக்கு நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்.”

அவ்வளவுதான். இவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கூடத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். சனிக்கிழமை கூடுவாஞ்சேரி பக்கமே போகப் போவதில்லை, நீ வேண்டுமானால் போய்விட்டு வா என்று என்னிடம் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யானை உங்களுடையதோ அவருடையதோ, பெண் எனக்கும் பெண்தான் என்று கத்தினேன். கத்தியதும் அழுகை வந்துவிட்டது, அதனால் சமையலறைக்குப் போய்விட்டேன்.

அந்த வாரம் வீடு வீடாக இல்லை. இவர் பேப்பரைப் படித்து முடித்துவிட்டு, விளம்பரங்களையும் படித்து அவற்றில் இருந்த எழுத்துப் பிழைகளை என்னிடம் வந்து சொல்லிக்கொண்டிருந்தார். வேறு யாரிடம் சொல்வார்? சிரிக்க வைக்கிற ஒரே ஆளைத்தான் துரத்திவிட்டாரே. யூனிஸும் நானும் தினமும் பேசினோம். அங்கேயும் அதே கதைதான், அண்ணா சாப்பிடும்போதுகூட வாய் திறப்பதில்லையாம். கொஞ்சம் சமாதானமாக எதையாவது சொல்லிப் பார்த்தால் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விடுகிறாராம். இரண்டு பேரையும் ஒரே அறையில் போட்டுப் பூட்ட வேண்டும் என்று யூனிஸ் சொன்னாள். பூட்டினால் அங்கேயும் செஸ்தான் ஆடுவார்கள் என்றேன்.

வியாழக்கிழமை ஜெரூஷாவே கூப்பிட்டாள். மருதாணி, மாப்பிள்ளை வீட்டார், மோதிர அளவு என்று என்னென்னவோ பேசிவிட்டு, கடைசியில்தான் அதைக் கேட்டாள்.

“ஆன்ட்டி, அங்கிள் வருவார்ல?”

“வருவார்டா” என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

சொல்லியாகிவிட்டது, இனி நடத்திக் காட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை பள்ளியிலிருந்து வந்ததும் கைகால் கழுவிக்கொண்டு நேராக இவர் முன்னால் போய் நின்றேன். அன்றைக்கு அனுப்பின வரியை இன்னொரு தடவை அடித்து எனக்கு அனுப்புங்கள், நான் திரையைப் பார்த்து வாசிக்கிறேன், யார் சொல்வது சரி என்று பார்த்துவிடலாம் என்றேன். இவருக்கு அதில் சந்தோஷம்தான். தான் சரி என்று ஒரு சாட்சி கிடைத்தால் யாருக்குக் கசக்கும்? கம்ப்யூட்டரில் அந்தப் பலகை அப்படியே கிடந்தது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வகுப்பில் டிக்டேஷன் கொடுப்பதுபோல ஆரம்பித்தேன்.

“சின்ன ஆர். ரெண்டு. சின்ன க்யூ. ஒண்ணு. சின்ன ஆர். சின்ன கே. ஒண்ணு. சாய்கோடு.”

இவர் ஒற்றை விரலால் அடித்துக்கொண்டே வந்தார். முதல் பெட்டி முடிந்ததும் நான் எட்டிப் பார்த்தேன். இரண்டாம் வகுப்பு டீச்சருக்கு வேறு என்ன தெரியுமோ தெரியாதோ, பெரிய ஏபிசிடியும் சின்ன ஏபிசிடியும் தெரியும். வருஷம் முழுக்க அதுதான் வேலை.

“முதல்ல சின்ன ஆர் சொன்னேன்” என்றேன். “நீங்க பெரிய ஆர் போட்டிருக்கீங்க.”

“நான் எங்க போட்டேன்? அதுவா வருது” என்றார், நிமிர்ந்தே பார்க்காமல். “காமு, இது வரியோட முதல் எழுத்து. முதல் எழுத்துன்னா பெரிசாத்தான் வரணும்.”

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. விரல் அப்படியே போனின் மேல் நின்றது.

பெரிய எழுத்து என்றால் வெள்ளை. சின்ன எழுத்து என்றால் கறுப்பு. புதுப் போன் தன் பாட்டுக்கு வரியின் முதல் எழுத்தைப் பெரிதாக்கிவிட்டது. பழைய போனில் மாளவிகா அதை அணைத்து வைத்திருந்தாள். இவர் எத்தனை முறை சரிபார்த்தும் கண்ணில் படவில்லை, ஏனென்றால் இவர் கண்ணுக்கு அதுதான் சரி. வாக்கியம் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்று முப்பது வருஷம் சிவப்பு மையால் சுழித்த கண் அது. சின்ன எழுத்தில் தொடங்கியிருந்தால்தான் பிழை என்று திருத்தியிருக்கும். ஆக, மூலையில் சும்மா நின்ற கறுப்பு யானை, கூடுவாஞ்சேரி போய்ச் சேர்வதற்குள் ஐராவதமாகிவிட்டது.

நான் சிரிக்க ஆரம்பித்தேன். இவர் சிரிக்கவில்லை. போனைக் கீழே வைத்தார்.

“யானையை விடு” என்றார். “புத்தி போகும்னு சொன்னேனே. அதை எப்படித் திருத்தறது?”

இவருக்கு அவ்வளவு சின்னக் குரல் உண்டு என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். போனில் பேசிவிடுங்கள் என்றேன். முடியாது என்று தலையாட்டினார். போனை நம்புகிற நிலையில் இவர் இல்லை.

சனிக்கிழமை காலை நான் பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது, இவர் வேட்டி சட்டையில் தயாராக நின்றார். செஸ் பெட்டியைத் திறந்து எதையோ எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டது தெரிந்தது. நான் கேட்கவில்லை. ஷேர் ஆட்டோவில் தாம்பரம், அங்கிருந்து மின்சார ரயில். வண்டலூரில் வண்டி நின்றபோது ஜன்னல் வழியாக வெளியே பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு அடக்க முடியவில்லை, முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். அவரும் லேசாகச் சிரித்தார்.

சர்ச் ஹால் வாசலில் சாலமோன் அண்ணா கோட்டு போட்டுக்கொண்டு, வருகிறவர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கை அந்தரத்தில் நின்றது. இவர் நேராகப் போய், அந்தக் கைக்குள் தன் கையை வைத்தார். எடுத்தபோது அண்ணாவின் உள்ளங்கையில் ஒரு கறுப்பு யானை இருந்தது.

“கறுப்புதான்” என்றார் இவர். “நான்தான் வெள்ளையடிச்சு அனுப்பிட்டேன். உன்னைச் சொன்னது தப்பு சாலமோன். மன்னிச்சுக்கோ.”

அண்ணா யானையைப் பார்த்தார். பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், ஏதோ சீர் கொடுக்கிறார்கள் என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கி நின்றார்.

“எனக்கு திங்கட்கிழமை சாயங்காலமே தெரியும் வைத்தி” என்றார் அண்ணா. “முதல் எழுத்து பெரிசாயிருக்குன்னு ஜோஸ்வின் பாத்துச் சொல்லிட்டான்.”

ஜோஸ்வின் அவருடைய மகன், கம்ப்யூட்டர் படிக்கிறவன். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. தெரிந்தும் ஏன் அண்ணா ஒரு போன் பண்ணவில்லை, இங்கே நாங்கள் ஒரு வாரமாகப் பட்ட பாடு உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டுவிட்டேன்.

“எப்படிம்மா பண்றது? நான்தான் ஓட்டிட்டு வந்தேன், நல்லா ஞாபகம் இருக்குன்னு சொல்லிட்டேனே.” அவர் காது சிவந்திருந்தது. “பொய் சொல்லலை காமு. அங்க நிக்கறதைப் பாத்ததும், ஓட்டிட்டு வந்த மாதிரியே இருந்துச்சு. இவன்கிட்ட போய் அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியலை.”

இவர் அவர் தோளில் கையைப் போட்டார். வரவேற்புரைக்கு யாரை ஏற்பாடு செய்திருக்கிறாய் என்று மெல்லக் கேட்டார். யாரையும் இல்லை என்றார் அண்ணா. தினமும் நினைத்ததாகவும், ஒருவர் பெயரும் வாயில் வரவில்லை என்றும் சொன்னார். அப்போது உள்ளேயிருந்து ஜெரூஷா எட்டிப் பார்த்தாள். நீலப் புடவையும் தலை நிறைய மல்லிகையுமாக இருந்தவள், இவரைப் பார்த்ததும் பெரிய மூச்சாக விட்டது எனக்கு வாசலிலிருந்தே தெரிந்தது.

எழுதி வைத்த உரையை இவர் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். கையில் தாள் இல்லாமல் இவர் பேசி நான் பார்த்ததில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு, இந்தப் பெண் எங்கள் வீட்டில் சின்ன எழுத்து பழகியவள் என்று ஆரம்பித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாஸ்டர் ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினார். யூனிஸ் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள், நானும் பிடித்துக்கொண்டேன்.

ஆட்டம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். திருத்திய வண்டி மறுபடி போனது. இவருக்கு ஒரு முழு யானை அதிகம், ஆனாலும் தோற்றார். இவ்வளவு கலாட்டா செய்த அந்த யானை, கடைசிவரை மூலையைவிட்டு நகரவே இல்லை.

இவர் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு போன நிஜ யானை இன்னும் எங்கள் வீட்டுக்குத் திரும்பவில்லை. அன்றைக்குக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்ட சாலமோன் அண்ணா, அதைத் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லிக்கொண்டுதான் ஒவ்வொரு ஞாயிறும் வருகிறார். ஒவ்வொரு ஞாயிறும் மறந்துவிட்டு வருகிறார். பரவாயில்லை, அடுத்த வாரம் எடுத்துக்கொண்டு வா என்று இவரும் சொல்கிறார்.

அதுவரை அந்த மூலையில் என்னுடைய சின்னப் பெருங்காய டப்பா நிற்கிறது. டப்பா வெள்ளை நிறம். அதைக் கறுப்பு என்று வைத்துக்கொண்டுதான் இருவரும் ஆடுகிறார்கள். இதுவரை ஒரு சண்டையும் வந்ததில்லை.